‘இதுக்குள்ள’ என்றால் எதுக்குள்ள? பார்க்காமல் குரோசே பின்னக் கற்றல்

குரோசே பின்னலில் நல்ல பழக்கமுள்ள ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். தொலைக்காட்சி நாடகத்தில் கண்ணை வைத்தபடி, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்தபடி, பஸ்ஸில் யன்னலோரம் இருந்தபடி பின்னிக்கொண்டே போவார். வரிசை முடியும் இடத்தில் மட்டும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் வேலையை நடத்துவது அவருடைய விரல்கள்தான். ஊசி நுழைய வேண்டிய துளையை நடுவிரல் தேடிக் கொடுக்கிறது. நூலின் இறுக்கத்தைச் சுட்டுவிரல் பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கு அங்கு பெரிய வேலை இல்லை.

அப்படியானால் பார்வையை இழந்த ஒருவர், அல்லது பார்வை மங்கிக்கொண்டு வரும் ஒருவர், இதைக் கற்கத் தடையாக இருப்பது எது? விழிப்புலனற்ற பலர் உலகின் பல பாகங்களிலும் குரோசே பின்னுகிறார்கள், மற்றவர்களுக்கும் கற்பிக்கிறார்கள். தடை பெரும்பாலும் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. “பார், இப்படித்தான்” என்று சொல்லியே கைவேலைகளைக் கற்பித்துப் பழகிவிட்டோம். பார்க்க முடியாதவரிடம் சொல்ல நம்மிடம் வேறு சொற்கள் இல்லை.

இது ஒரு சிலருக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு வகையான இயலாமையுடன் வாழ்கிறார்கள். அவர்களுள் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள்தான் மிக அதிகம், ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். இவர்களில் பலர் பிறவியிலேயே பார்வையற்றவர்கள் அல்ல. நீரிழிவு, குளுக்கோமா, முதுமை, யுத்தக் காயம் எனப் பல காரணங்களால் வாழ்க்கையின் நடுவிலோ பின்பகுதியிலோ பார்வையை இழந்தவர்கள். பார்வை போன பிறகு வீட்டார் அவர்களிடமிருந்து முதலில் வாங்கி வைப்பது கைவேலையைத்தான். கத்தி, ஊசி, அடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறும். “நீங்கள் சும்மா இருங்கோ” என்று அன்போடுதான் சொல்லப்படும். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

விரலுக்கு ஏற்ற பின்னல்

கைவேலைகள் எல்லாமே தொடுகைக்கு ஒரே அளவில் இடம் கொடுப்பதில்லை. பூத்தையலில் ஊசி துணியின் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பதைக் கோடு காட்டுகிறது. அந்தக் கோடு கண்ணுக்கானது. இரண்டு ஊசிகளால் பின்னும் நிற்றிங் வேலையில் ஒரு வரிசையின் எல்லா வளையங்களும் ஊசியில் திறந்தபடி நிற்கும். ஒன்று நழுவினால் அது கீழ்நோக்கிப் பல வரிசைகள் வரை அவிழ்ந்துகொண்டு போகலாம்.

வழமையான குரோசேயில் ஒரு கண்ணியைப் பின்னி முடித்தால் ஊசியில் எஞ்சி நிற்பது ஒரேயொரு வளையம்தான். ஊசி கையிலிருந்து விழுந்தாலும், அந்த ஒரு வளையத்தைப் பிடித்துவிட்டால் போதும். நூலை இழுக்காதவரை மற்றவை அப்படியே இருக்கும். ஊசியின் முனையும் கூர்மையானதல்ல, குத்தாது. பெரும்பாலான ஊசிகளின் நடுவில் பெருவிரல் வைப்பதற்கென்று ஒரு தட்டையான இடம் உண்டு. அதில் விரலை ஒருமுறை பழக்கிவிட்டால், கொக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் தொடாமலே அறியலாம்.

பின்னலின் அளவும் சாதகமானது. பிரெய்ல் எழுத்தில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சுமார் 2.5 மில்லிமீற்றர். நடுத்தரத் தடிப்புள்ள நூலையும் 5 மில்லிமீற்றர் ஊசியையும் கொண்டு பின்னினால், ஒரு கண்ணியின் அகலம் அதைவிட இரு மடங்குக்கு மேல் வரும். பிரெய்ல் வாசிக்காத விரலுக்கும் இது எட்டக்கூடிய அளவு.

“எதுக்குள்ள பிள்ளை?”

என்னுடைய பெரியம்மாவுக்கு நீரிழிவினால் பார்வை பெருமளவு போய்விட்டது. இளவயதில் மேசைவிரிப்புகளுக்கு ஓரம் பின்னியவர். மறுபடியும் தொடங்கிப் பார்ப்போம் என்று கைத்தொலைபேசியில் தமிழ்க் காணொளி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். சில நிமிடங்கள் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவ ‘இதுக்குள்ள விடுங்கோ, இப்பிடி எடுங்கோ’ எண்டு சொல்லுறா. எதுக்குள்ள பிள்ளை?”

அந்தக் கேள்வியோடு வேறு காணொளிகளையும் கேட்டுப் பார்த்தேன். திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டால், பலவற்றில் எஞ்சுவது ‘இங்க’, ‘இது’, ‘இப்படி’ என்ற சுட்டுச் சொற்களும் பின்னணி இசையும்தான். செய்முறை முழுவதும் படத்தில் இருக்கிறது, குரலில் இல்லை.

எழுத்தில் உள்ள குறிப்புகளுக்கும் இதே கதிதான். கைத்தொலைபேசியிலும் கணினியிலும் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இன்று உண்டு. பார்வையற்ற இரு அவுஸ்திரேலியர்கள் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். ஆனால் பின்னல் குறிப்புகள் பெரும்பாலும் குறியீட்டுப் படங்களாகவோ கையால் எழுதிப் புகைப்படம் எடுத்துப் பகிர்ந்தவையாகவோ இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் வழமைபோல் வாசித்துக்கொண்டு போகாது.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. பிரித்தானியக் குறிப்பில் ‘டபுள் குரோசே’ எனப்படுவதும் அமெரிக்கக் குறிப்பில் ‘சிங்கிள் குரோசே’ எனப்படுவதும் ஒரே கண்ணிதான். அமெரிக்கர் சொல்லும் ‘டபுள்’ வேறு, அதைப் பிரித்தானியர் ‘ட்ரெபிள்’ என்பார்கள். படத்தைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கேட்டு மட்டும் பின்னுபவருக்கு முழு வேலையும் பிழைத்துப்போகும்.

தொடங்குவது எப்படி?

கீழே உள்ள முறையை யாரும் வாசித்துக் காட்டிப் பயன்படுத்தலாம். வசதிக்காக, ஊசியில் தொங்கும் நூலை ‘வளையம்’ என்றும், பின்னி முடிந்த ஒவ்வொரு தையலையும் ‘கண்ணி’ என்றும் சொல்கிறேன்.

முதலில் நூல். வழுவழுப்பான, நடுத்தரத் தடிப்புள்ள, முறுக்குப் பிரியாத நூலே நல்லது. மயிர்போலச் சிலும்பி நிற்கும் நூல் கண்ணிகளை மறைத்துவிடும். ஊசி 5 அல்லது 6 மில்லிமீற்றர் இருக்கட்டும். லேஸ் பின்னும் மெல்லிய உருக்கு ஊசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிறிய வேடிக்கை: கறுப்பு நூலில் கண்ணி தெரியாது என்று பார்வையுள்ளவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். விரலுக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

அடுத்து, கற்பிப்பவர் எதிரே அல்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் இடமும் வலமும் மாறும். கற்பவரின் கையைப் பிடித்து இழுத்து ஊசியைத் தள்ளுவதைத் தவிர்க்க வேண்டும். கற்பிப்பவர் தன் கைகளால் மெதுவாகப் பின்ன, கற்பவர் அந்தக் கைகளின் மேல் தன் விரல்களை வைத்து அசைவைப் பின்தொடரலாம். பார்வையற்றோர் கல்வியில் நீண்டகாலமாகப் பரிந்துரைக்கப்படும் முறை இது. கை தன் விருப்பப்படி வந்து தொட்டு விலகுவதால், கற்பவருக்குப் பயமும் இல்லை, அவமானமும் இல்லை.

பெரும்பாலானோர் சங்கிலியில் இருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் வெறும் சங்கிலி மெல்லியது, முறுக்கிக்கொள்ளும், அதில் முதல் வரிசையைப் பின்னுவது பார்வையுள்ளவர்களுக்கே சிரமம். எனவே கற்பிப்பவர் நான்கைந்து வரிசைகளைப் பின்னி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைக் கையில் கொடுப்பது நல்லது. கற்பவர் அதன் மேல் தொடர்ந்து பின்னட்டும். சங்கிலியைக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் துண்டின் மேல் விளிம்பைப் பெருவிரல் நகத்தால் தடவினால், பின்னிய தலைமயிர்போல ஒன்று ஓடுவது தெரியும். அதில் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு நூல்கள், ஒன்று உங்கள் பக்கம், மற்றது அப்பால். அந்த இரண்டு நூல்களுக்கும் கீழே ஒரு சிறிய பள்ளம் இருக்கும். ‘இதுக்குள்ள’ என்று சொல்லப்படும் இடம் அந்தப் பள்ளம்தான். மறுகையின் நடுவிரலைப் பள்ளத்தின் பின்புறம் வைத்துக்கொண்டு, முன்னிருந்து ஊசியை விடுங்கள். முனை நடுவிரலில் முட்டினால் சரியான இடத்தால் வந்திருக்கிறது. ஊசிக்கு மேலே இரண்டு நூல்கள் இருக்கின்றனவா என்று பெருவிரலால் ஒருமுறை சரிபார்க்கலாம்.

இனி நூலைக் கொக்கியில் மாட்டி முன்னால் இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையங்கள். மறுபடி நூலை மாட்டி, இரண்டுக்குள்ளாலும் இழுங்கள். ஒன்று மிஞ்சும். இதுவே குட்டைக் கண்ணி, அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பது.

நெட்டைக் கண்ணிக்கு, அதாவது அமெரிக்கரின் ‘டபுளு’க்கு, ஊசியை விடுவதற்கு முன்பே நூலை ஒருமுறை ஊசியில் சுற்ற வேண்டும். பள்ளத்தால் விட்டு நூலை இழுத்ததும் ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலை மாட்டி முதல் இரண்டுக்குள்ளால் இழுத்தால் இரண்டு மிஞ்சும். மறுபடி மாட்டி இழுத்தால் ஒன்று மிஞ்சும்.

குட்டைக்கு இரண்டு, ஒன்று. நெட்டைக்கு மூன்று, இரண்டு, ஒன்று. ஊசியின் மேல் சுட்டுவிரலை வைத்து இந்த எண்ணிக்கையைப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். இடையில் தொலைபேசி அடித்தாலும், யாராவது கூப்பிட்டாலும், திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்கலாம்.

எண்ணுவதும் பிழை பிடிப்பதும்

தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் பிழை ஒன்று உண்டு. சதுரமாகத் தொடங்கிய துண்டு முக்கோணமாகிவிடும். வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவதே காரணம். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஓர் அடையாளம் மாட்டி வைத்தால் இது வராது. கடையில் விற்கும் அடையாள வளையங்கள் தேவையில்லை. காகிதக் கிளிப் போதும், வேறு தடிப்புள்ள நூல் துண்டும் போதும். பக்க ஓரம் சரிகிறதா என்று பார்க்கத் துண்டை மேசை விளிம்போடு பொருத்தித் தடவிப் பார்க்கலாம்.

வரிசைகளை எண்ணுவதற்கு இரண்டு கிண்ணங்களும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. நிறங்களைப் பிரித்து வைக்க, நூல் பைகளில் முடிச்சுகள் போடலாம்: வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு. தனியாக இருக்கும் நேரத்தில் நிறம் அறிய வேண்டுமென்றால், நிறத்தைச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகளும், ‘பி மை ஐஸ்’ போலப் பார்வையுள்ள தன்னார்வலரைக் காணொளி அழைப்பில் இணைக்கும் செயலிகளும் உதவும்.

பிழை வந்தால் அவிழ்ப்பதும் தொடுகை வேலைதான். ஊசியை எடுத்துவிட்டு நூலை மெல்ல இழுத்தால், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக விடுபடுவதை விரல் உணரும். எத்தனை விடுபட்டது என்று எண்ணிக்கொண்டே பின்னால் போகலாம். குரோசேயில் பிழைக்குத் தண்டனை சிறியது. நூல் வீணாவதில்லை, துணியும் கிழிவதில்லை. புதிதாகக் கற்பவருக்கு, அதுவும் ஏற்கனவே நம்பிக்கை இழந்திருப்பவருக்கு, இது பெரிய விடயம்.

விரல் கற்கும் விதம்

தொடுதல் என்பது பொருள் வந்து தோலில் படுவது மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1962இல் வெளியிட்ட பரிசோதனைகளில், பிஸ்கட் வெட்டும் சிறிய அச்சுகளை மறைவாகக் கொடுத்து வடிவம் என்ன என்று கேட்டார். அசையாத உள்ளங்கையில் அச்சை அழுத்தியபோது பலர் தடுமாறினார்கள். அதே அச்சை விரல்களால் தாமே தடவிப் பார்க்க விட்டபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். கை தேடிப் போகும்போதுதான் அறிகிறது. கற்பவரின் கையை நாம் பிடித்து நகர்த்துவது ஏன் பயன் குறைந்தது என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

மூளையும் இதற்கு இடம் கொடுக்கிறது. பார்வையற்றவர்கள் பிரெய்ல் வாசிக்கும்போது, வழமையாகக் காட்சிக்கு உரிய மூளைப் பகுதியும் இயங்குவதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், பார்வையுள்ளவர்களின் கண்களை ஐந்து நாட்கள் முழுமையாகக் கட்டி வைத்துப் பிரெய்ல் கற்பித்தார்கள். ஐந்து நாட்களின் முடிவில் அவர்களின் மூளையிலும் காட்சிப் பகுதி தொடுகைக்கு இயங்கத் தொடங்கியிருந்தது. கட்டை அவிழ்த்து ஒரு நாளில் அது மறைந்தது. வளர்ந்தவர்களின் மூளையும் இவ்வளவு விரைவாக வழி மாற்றிக்கொள்கிறது. “இந்த வயதில் இனி எங்கே” என்ற பேச்சுக்கு இது ஒரு பதில்.

ஆனால் நீரிழிவுள்ளவர்கள் விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணைப் பாதித்த அதே நோய் நரம்புகளையும் பாதித்து விரல் நுனியின் உணர்வைக் குறைக்கலாம். பெரும்பாலும் கால்களில் தொடங்கும் இந்தப் பாதிப்பு சிலருக்குக் கைகளுக்கும் வரும். அப்படியானவர்களுக்கு இன்னும் தடித்த நூல், 8 மில்லிமீற்றர் ஊசி, குட்டைக்குப் பதில் நெட்டைக் கண்ணி என்று மாற்றிக் கொடுக்கலாம். நெட்டைக் கண்ணிகள் தூண்கள்போல நிற்பதால் அவற்றின் இடைவெளி விரலுக்கு எளிதில் தட்டுப்படும். இதோடு, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. வெண்புரையால் மங்கிய பார்வையைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையால் மீட்கலாம். குளுக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது, எஞ்சியதைக் காக்க மட்டுமே முடியும்.

பிழைப்புக்கு உதவுமா?

குரோசேக்கு வயிறு நிரப்பிய வரலாறு உண்டு. 1840களின் நடுவில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோசே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தன. அந்த லேஸை விற்றுப் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. இன்றுவரை உண்மையான குரோசேயைத் தொழிற்சாலை அளவில் பின்னும் இயந்திரம் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் குரோசேப் பையையும் எங்கோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார்.

அதனால்தான் விலையில் அவதானம் வேண்டும். ஒரு கணக்குக்கு, ஒரு பையைப் பின்ன 12 மணித்தியாலம் எடுக்கிறது, நூலுக்கு 600 ரூபா, விற்ற விலை 1,800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்குக் கிடைப்பது 100 ரூபா. “பார்வையற்ற ஒருவர் பின்னியது” என்ற அட்டையைத் தொங்கவிட்டுப் பரிதாபத்துக்கு விற்பது இந்தக் கணக்கை மாற்றாது. உழைப்பு நேரத்தை எழுதி வைத்து விலை போடுவது, விரைவில் முடியும் பொருட்களைத் தெரிவு செய்வது, பொருளின் தரத்தைச் சொல்லி விற்பது ஆகியவையே மாற்றும். பணத்துக்காகப் பின்ன விரும்பாதவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னுவது எவருக்கும் பயிற்சித் திட்டமாக இருக்க வேண்டியதில்லை.

சொல்லிக் கொடுக்கச் சொற்கள் வேண்டும்

விழிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வி இந்நாட்டுக்குப் புதிதல்ல. மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய, செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை இரத்மலானையில் இன்றும் இயங்குகிறது. கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பாடசாலை வயதில் பார்வை இழந்தவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஐம்பது வயதில் இழந்தவர் எந்த வாசலுக்குப் போவார்? அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது வீடு, குடும்பம், கையில் ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியில் வரும் தமிழ்க் குரல் ‘இப்படி’ என்று சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு வேறு வழியில்லை.

தமிழில் குரோசே கற்பிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தம் உழைப்பை இலவசமாகவே பகிர்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குச் சில விடயங்கள் உண்டு. பிரித்தானியப் பெயரா அமெரிக்கப் பெயரா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஊசியில் இப்போது எத்தனை வளையம் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லுங்கள். வரிசைக்கு எத்தனை கண்ணி என்பதைக் காணொளியின் கீழே எழுத்தாகப் போடுங்கள், படமாக வேண்டாம். ‘இதுக்குள்ள’ என்று வாயில் வரும்போது, ‘மேல் விளிம்பில் உள்ள இரண்டு நூல்களுக்கும் கீழே’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். காணொளியைப் பதிவேற்றுவதற்கு முன், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். கேட்டதை மட்டும் வைத்து ஒரு வரிசை பின்ன முடிந்தால், அது எல்லோருக்குமான பாடம்.